வாசனைப் பயிரை எந்த நாளில் அறுப்பது? புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கரிசல் காட்டில் ஐப்பசி மழைக்கு விதைத்த கொத்தமல்லி காய் பிடித்து நிற்கும்போது ஒரு பச்சைக் காயைக் கிள்ளி நசுக்கி முகர்ந்து பாருங்கள். மூட்டைப்பூச்சியை நசுக்கியதுபோல ஒரு நெடி வரும். சில வாரம் கழித்து, காய் பழுப்பேறிக் காய்ந்தபின் அதே செடியில் இன்னொரு காயை நசுக்கினால், அடுப்பில் மல்லி வறுக்கும் மணம். விதை, மண், உரம் எதுவும் மாறவில்லை. பச்சைக் காயில் அந்த நெடியைத் தந்த ஆல்டிஹைடு என்ற வேதிப்பொருள்கள் குறைந்து, லினலூல் என்ற வேதிப்பொருள் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். பழுத்த மல்லி எண்ணெயில் பாதிக்கு மேல் அந்த லினலூல்தான்.

வாசனைப் பயிர் வைக்க வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது எந்த ரகம், என்ன உரம், எங்கே விற்பது என்ற மூன்றையும்தான். எந்த நாளில் அறுப்பது என்று கேட்பவர் குறைவு. என் அனுபவத்தில் கையில் வரும் எண்ணெயை அதிகம் கூட்டுவதும் குறைப்பதும் அந்த நாள்தான். அதற்குப் பைசா செலவும் இல்லை. எலுமிச்சைப்புல், துளசி, புதினா, மருக்கொழுந்து போன்றவற்றைச் சிறிய அளவில் வைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. தழையா, எண்ணெயா? முதலில் முடிவு செய்யுங்கள்

தழை எடை உச்சத்துக்குப் போகும் நாளும், எண்ணெய் உச்சத்துக்குப் போகும் நாளும் ஒன்றல்ல. இதை மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

மருக்கொழுந்தை எடுத்துக்கொள்ளுங்கள். கதம்பத்தில் வைத்துக் கட்டப் பூக்கடைக்குப் போகிறதென்றால், பூ வருமுன்பே இளங்கொழுந்தாகக் கொய்துவிட வேண்டும். கொழுந்து மென்மையாக இருந்தால்தான் சரத்தில் வளையும். எண்ணெய்க்கென்றால் பூக்கும்வரை காத்திருக்க வேண்டும், ஏனென்றால் தவன எண்ணெய் எனப்படும் மருக்கொழுந்து எண்ணெயின் பெரும்பங்கு அந்தச் சிறிய மஞ்சள் பூத்தலைகளில் இருக்கிறது. ஒரே பாத்தியை இரண்டுக்கும் பயன்படுத்தப் பார்த்தால் இரண்டும் அரைகுறையாகப் போகும். நடும்போதே எந்தப் பாத்தி எதற்கு என்று பிரித்துவிடுங்கள்.

துளசியும் திருநீற்றுப்பச்சிலையும் இப்படித்தான். தேநீருக்கோ சமையலுக்கோ இலை வேண்டுமென்றால் கதிர் தலைகாட்டும் முன்னே கிள்ள வேண்டும். எண்ணெய் வடிக்கவென்றால் நன்றாகப் பூத்த நிலையில் அறுக்க வேண்டும்.

2. எண்ணெய் எங்கே இருக்கிறதென்று பாருங்கள்

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். புதினா இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தால், பொன்னிறத்தில் மின்னும் சின்னப் புள்ளிகள் தெரியும். அவைதான் எண்ணெய்ச் சுரப்பிகள். துளசி, புதினா, கற்பூரவள்ளி, ரோஸ்மேரி என்று அந்தக் குடும்பம் முழுவதற்கும் எண்ணெய் இலையின் மேல்தோலிலேயே இருக்கிறது. அதனால்தான் துளசியைத் தடவினாலே கை மணக்கிறது. அதனால்தான் அறுத்துக் கட்டிய தழையை மிதித்தாலும், இறுக்கித் திணித்தாலும், வெயிலில் போட்டாலும் எண்ணெய் சீக்கிரம் பறந்துபோகிறது.

எலுமிச்சைப்புல் வேறு மாதிரி. அதன் எண்ணெய் இலைக்குள், திசுவின் நடுவே இருக்கும் செல்களில் அடைபட்டிருக்கிறது. தடவினால் மணம் அவ்வளவாக வராது, கசக்கினால்தான் வரும். ஆகவே புல்லைச் சற்று வாடவிடலாம். வடிக்கும் முன் துண்டு துண்டாக நறுக்குவதும் நல்லது.

இரண்டு வகையிலும் தண்டில் எண்ணெய் மிகக் குறைவு. வயது ஏற ஏறத் தண்டின் பங்கு கூடுகிறது. வண்டியில் எடை ஏறும், எண்ணெய் வடிக்கும் கலனில் இடத்தை அடைக்கும், விறகைத் தின்னும், எண்ணெய் மட்டும் தராது.

3. நாள் கணக்கை வாசற்படியாக வையுங்கள்

ஒவ்வொரு பயிருக்கும் புத்தகத்தில் ஒரு நாள் கணக்கு இருக்கும். அந்த நாளிலேயே அறுத்தாக வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை. அந்த நாள் நெருங்கும்போது தினமும் வயலுக்குப் போய்ப் பார்க்கத் தொடங்க வேண்டும்.

எலுமிச்சைப்புல்லுக்கு நட்டதிலிருந்து சுமார் 90 நாளில் முதல் அறுப்பு. பிறகு 75 முதல் 90 நாளுக்கு ஒருமுறை. பாசனம் இருந்தால் ஆண்டுக்கு நான்கு அறுப்பு வரும், தூர் நான்கைந்து ஆண்டுக்குத் தாங்கும். கேரளத்தின் ஓடக்காலி ஆய்வு நிலையம் தந்த சுகந்தி என்ற ஓடி-19 ரகம் பலருக்கும் அறிமுகமானது. பச்சைப் புல்லில் 0.2 முதல் 0.4 சதவீதம் எண்ணெய் கிடைக்கும். அந்த எண்ணெயில் முக்கால் பங்கு அளவுக்கு, எலுமிச்சை மணம் தரும் சிட்ரால் என்ற பொருள் இருக்கும். வாங்குபவர் விலை பேசுவது அந்த சிட்ராலை வைத்துத்தான்.

இதில் ஒரு நுணுக்கம். புல்லின் இளம் இலையில் எண்ணெய் சதவீதம் அதிகம். இலை முதிர்ந்து நுனி காயத் தொடங்கியதும் எண்ணெயும் குறைகிறது, சிட்ராலும் குறைகிறது. ஆனால் எல்லாமே இளம் இலையாக இருக்கும்போது அறுத்தால் தழையே இருக்காது. தூர் நன்றாக விரிந்து, நுனிகள் பழுப்பேறத் தொடங்காமல் இருக்கும் அந்தச் சில நாட்கள்தான் நமக்கு வேண்டும். பழுப்பு நுனி பரவலாகத் தெரிந்தால் நாள் கடந்துவிட்டது. கதிர் தள்ளவிட்டாலும் அப்படியே.

துளசிக்கு நட்ட 90 நாளில் முதல் அறுப்பு, அப்புறம் 75 நாளுக்கு ஒருமுறை. மருக்கொழுந்து நாற்றங்காலிலிருந்து எண்ணினால் சுமார் நான்கு மாதப் பயிர். ஐப்பசி, கார்த்திகையில் விதைத்தால் மாசியில் பூவோடு அறுக்கலாம்.

4. பூவைக் கவனியுங்கள்

பூ என்பது செடி காட்டும் கடிகாரம். ஆனால் எல்லாச் செடிக்கும் அது ஒரே நேரத்தைக் காட்டுவதில்லை. எலுமிச்சைப்புல்லுக்குப் பூ வந்தால் தாமதம். துளசிக்குப் பூ நிறைந்தால் சரியான நேரம். புதியவர்கள் பலர் ஒரு பயிருக்குக் கற்ற விதியை அடுத்த பயிருக்கும் பொருத்திவிடுகிறார்கள்.

துளசி, திருநீற்றுப்பச்சிலையில் கதிரின் அடிப்பகுதிப் பூக்கள் உதிரத் தொடங்கி, நுனியில் இன்னும் மொட்டு இருக்கும் நிலையைப் பிடியுங்கள். ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் தட்டினால் முற்றிய விதை கொட்டுகிறதா? அப்படியானால் எண்ணெய் இறங்கத் தொடங்கிவிட்டது, அடுத்த முறை ஒரு வாரம் முன்னால் வாருங்கள். திருநீற்றுப்பச்சிலையில் பூங்கதிரை மட்டும் தனியாகக் கொய்து வடிப்பவர்களும் உண்டு. கதிரில் எண்ணெய்ப் பங்கு கூடுதல், மணமும் நயம். கூலி அதிகம் என்பதால் சிறிய பரப்புக்குத்தான் அது கட்டும்.

மென்தால் புதினாவின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது, நம் ஊரில் அதை அதிகம் வைப்பதில்லை என்றாலும். உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கிப் பக்கம் தை, மாசியில் நட்டு, 100 முதல் 120 நாளில் முதல் அறுப்பு எடுக்கிறார்கள். இளம் புதினா இலையில் மென்தோன் என்ற பொருள் அதிகம். இலை முதிரும்போது செடியே அதை மென்தாலாக மாற்றுகிறது. அவசரப்பட்டு அறுத்தால் எண்ணெய் கிடைக்கும், ஆனால் மென்தால் குறைவாக இருக்கும், விலையும் இறங்கும். காத்திருந்துகொண்டே போனாலோ அடியிலைகள் மஞ்சளாகி உதிர்ந்துவிடும், எண்ணெய் மண்ணில் கிடக்கும். முதல் பூக்கள் வரும் கட்டம்தான் இரண்டுக்கும் நடுவில் அமைகிறது. வீட்டுத் தொட்டியில் இருக்கும் சமையல் புதினாவுக்கு இவ்வளவு கணக்கு வேண்டாம். பூ வருமுன் கிள்ளிக்கொண்டே இருங்கள்.

5. மூக்கைப் பழக்குங்கள்

ஏற்காடு, கொடைக்கானல், நீலகிரியில் வளரும் ஜெரேனியம் என்ற வாசனைச் செடிக்கு மூக்குதான் முதல் அளவுகோல். இலை கரும்பச்சையாக இருக்கும்போது கசக்கினால் எலுமிச்சை வாடை வரும். இலை வெளிர்பச்சைக்குத் திரும்பும்போது அந்த எலுமிச்சை அடங்கி ரோஜா மணம் எழும். அறுக்க வேண்டியது அந்தத் திருப்பத்தில். நடவுக்குப் பின் நான்கைந்து மாதத்தில் இது நடக்கும் என்று சொல்லலாம், ஆனால் மலையில் ஒரு சரிவுக்கும் அடுத்த சரிவுக்கும் பத்து நாள் வித்தியாசம் வரும். காலண்டருக்கு அது தெரியாது.

மூக்கைப் பழக்க ஒரு எளிய வழி சொல்கிறேன். வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், செடியின் ஒரே உயரத்திலிருந்து ஐந்து இலை பறித்து, ஒரு சிறிய கண்ணாடிக் குப்பியில் கசக்கிப் போட்டு மூடுங்கள். பத்து நிமிடம் கழித்துத் திறந்து முகர்ந்து, தோன்றிய சொல்லை அப்படியே எழுதிவையுங்கள். பச்சைப்புல் வாடை, எலுமிச்சை, கிராம்பு, சூடம், வைக்கோல், எது தோன்றினாலும் சரி. துளசியில் கிராம்பு மணம் தூக்கலாகும் நாளைப் பிடிக்க இது எனக்கு மிகவும் உதவியது. கிராம்பிலும் துளசியிலும் இருப்பது யூஜினால் என்ற ஒரே மணப்பொருள். நாலு வாரம் எழுதினால் ஏற்றமும் இறக்கமும் தெரிந்துவிடும். சளி பிடித்திருக்கும் வாரத்தில் வீட்டில் வேறு யாரையாவது முகரச் சொல்லுங்கள்.

6. அறுப்புக்கு முந்தைய வாரம்

அறுக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். நீர் ஏறிய தழை கனமாக இருக்கும், எண்ணெய்ப் பங்கு நீர்த்திருக்கும். யூரியாவும் அந்த வாரத்தில் வேண்டாம்.

மழை வந்தால்? தள்ளிப்போடுங்கள். மழைக்குப்பின் இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் அடித்த பிறகு அறுப்பதே சரி. என் முதல் எலுமிச்சைப்புல் அறுப்பில் ஆள் வந்துவிட்டார்கள், வண்டி வந்துவிட்டது என்பதற்காக, முந்தின இரவு பெய்த மழையோடு அறுத்துக் கட்டுக்கட்டாக அடுக்கிவிட்டோம். மறுநாள் காலையில் குவியலுக்குள் கைவிட்டால் சாணக்குழிபோலச் சூடு. உள்ளே இருந்த கட்டுகள் புளித்துவிட்டன. அந்த எண்ணெயின் வாடையை எத்தனை நாள் வைத்திருந்தும் போக்க முடியவில்லை. ஆள்கூலி ஒரு நாள் வீணானாலும் பரவாயில்லை, ஈரத் தழையை அறுக்காதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

7. அறுக்கும் நாள்

பனி காய்ந்த பிறகு தொடங்குங்கள், உச்சி வெயில் ஏறுமுன் முடியுங்கள். துளசி, புதினா வகைக்கு இது முக்கியம். எண்ணெய் மேல்தோலில் இருப்பதால் வெயிலில் அறுத்துக் காயப்போட்டால் வயலே மணக்கும். அந்த மணம் முழுவதும் நம் எண்ணெய்தான்.

அரிவாளைத் தீட்டிக்கொண்டு போங்கள். மொண்ணை அரிவாள் தண்டை நசுக்கித் தூரை ஆட்டிவிடும், அறுத்த தூரிலிருந்து மீண்டும் துளிர்க்கும் மறுதாம்பு மெதுவாகக் கிளம்பும். எலுமிச்சைப்புல்லைத் தரையிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் விட்டு அறுக்க வேண்டும். துளசிக்கு 15 முதல் 20. கீழே நாலு இலையாவது பச்சையாக மிஞ்சட்டும், அங்கிருந்துதான் புதுக்கிளை வரும். மருக்கொழுந்துக்குப் பத்து சென்டிமீட்டர் போதும். "அரிவாளை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினால் எடை கூடுமே" என்று தோன்றும். கீழே இருப்பது தண்டு. அதில் எண்ணெய் மிகக் குறைவு என்று முன்பே பார்த்தோம்.

அறுத்து முடித்த அன்றோ மறுநாளோ தண்ணீர் கட்டி, மேலுரம் கொடுங்கள். அறுத்த தேதியை நோட்டில் எழுதுங்கள். அடுத்த அறுப்பின் கணக்கு அன்றே ஓடத் தொடங்கிவிட்டது.

8. வயலிலிருந்து வடிகலன் வரை

எலுமிச்சைப்புல்லை நிழலில் ஒரு நாள் வாடவிடுவது வழக்கம். நீர் வற்றிச் சுருங்குவதால் கலனில் அதிகத் தழை அடங்கும், ஆவியும் சுலபமாக ஊடுருவும். துளசி, புதினாவைச் சில மணி நேரம் நிழலில் மெல்லப் பரப்பினால் போதும். குவிக்கக் கூடாது.

இந்த இடத்தில் புதியவர்கள் ஏமாறும் ஒரு கணக்கு இருக்கிறது. 100 கிலோ பச்சைப் புல்லில் 300 கிராம் எண்ணெய் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அது 0.3 சதவீதம். வாடவிட்டபின் புல்லின் எடை 70 கிலோவாகக் குறைந்தது, வடித்தால் 290 கிராம் வந்தது. சதவீதம் பார்த்தால் 0.41! ஆகா, வாடவிட்டதால் எண்ணெய் கூடிவிட்டது என்று சொல்வார்கள். கூடவில்லை, பத்து கிராம் போய்விட்டது. குறைந்தது தண்ணீர். சதவீதத்தை மட்டும் சொல்லி யாராவது ஒரு ரகத்தையோ ஒரு முறையையோ புகழ்ந்தால், பச்சை எடைக்கா, வாடிய எடைக்கா, காய்ந்த எடைக்கா என்று கேளுங்கள்.

எலுமிச்சைப்புல்லுக்கு இரண்டு மூன்று மணி நேர வடிப்பு போதும். பிரித்த எண்ணெயில் நீர்த்துளி நிற்கக் கூடாது. நிறக் கண்ணாடிக் குப்பியிலோ அலுமினியக் கலனிலோ கழுத்துவரை நிரப்பி, வெளிச்சம் படாமல் வையுங்கள். பாதி நிரம்பிய குப்பியில் இருக்கும் காற்றே சிட்ராலைக் கெடுத்துவிடும்.

9. உங்கள் வயலுக்கு உங்கள் நாள்

இதுவரை சொன்னதெல்லாம் பொதுக்கணக்கு. உங்கள் மண்ணுக்கும் தண்ணீருக்கும் உரிய நாளை ஒரே பருவத்தில் கண்டுபிடித்துவிடலாம். வயலில் எல்லா இடத்திலும் பயிர் ஒரேபோல இருக்கும் பகுதியில், ஒரு சதுர மீட்டர் அளவில் எட்டுக் கட்டம் குறியுங்கள். எலுமிச்சைப்புல் என்றால் 70, 80, 90, 100ஆம் நாட்களில் இரண்டிரண்டு கட்டமாக அறுத்துத் தனித்தனியே எடை போட்டு, கொஞ்சம் தழையைச் சோதனை வடிப்பு செய்ய வேண்டும்.

சோதனைக்குக் கிளெவெஞ்சர் என்ற கண்ணாடிக் கருவி 1928 முதல் புழக்கத்தில் இருக்கிறது. குடுவையில் 200 கிராம் தழையும் தண்ணீரும் போட்டுக் கொதிக்கவிட்டால், அளவுகோல் போட்ட குழாயில் எண்ணெய் மேலே மிதக்கும். மில்லிலிட்டரை நேராகப் படித்துவிடலாம். 0.6 மில்லிலிட்டர் வந்தால் 0.3 சதவீதம். சொந்தமாக வாங்க வேண்டும் என்பதில்லை. வேளாண் கல்லூரி ஆய்வகத்திலோ மருந்தியல் கல்லூரியிலோ கேட்டுப் பாருங்கள்.

முடிவைச் சதவீதத்தில் ஒப்பிடாதீர்கள், ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எண்ணெய் என்று ஒப்பிடுங்கள். மறுதாம்பு விடும் பயிருக்கு இன்னொரு படியும் மேலே போக வேண்டும். எடுத்துக்காட்டாக, 80ஆம் நாள் 2.4 கிராம், 100ஆம் நாள் 2.6 கிராம் வருகிறதென்றால், 100 நாள்தான் மேல் என்று தோன்றும். நாளால் வகுத்துப் பாருங்கள். முதலாவது ஒரு நாளைக்கு 0.030 கிராம், இரண்டாவது 0.026. ஆண்டு முழுவதற்கும் பெருக்கினால் 80 நாளுக்கு ஒருமுறை அறுப்பவர் சுமார் 11 கிராம் எடுப்பார், 100 நாள்காரர் ஒன்பதரை. ஒவ்வொரு அறுப்புக்கும் வடிப்புக்கும் கூலி உண்டு என்பதால் அதையும் கழித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மருக்கொழுந்து போல ஒரே முறை அறுக்கும் பயிருக்கு இந்த வகுத்தல் தேவையில்லை.

மழைக்காலத்துக்கும் கோடைக்கும் தனித்தனியே இந்தச் சோதனையைச் செய்தால் இன்னும் நல்லது.

10. வெட்டிவேர் மட்டும் தனி

மேலே சொன்ன எதுவும் வெட்டிவேருக்குப் பொருந்தாது. இங்கே அறுவடை மண்ணுக்குள். இலையையோ பூவையோ பார்த்துச் சொல்ல முடியாது. கடலூர் கடற்கரை மணலில் வைப்பவர்கள் ஓர் ஆண்டு அளவிலேயே தோண்டிவிடுவது உண்டு. தட்டி, மாலை, விசிறிக்கு விற்கும் வேருக்கு அது போதும். எண்ணெய்க்கென்றால் 15 முதல் 18 மாதம் பொறுக்க வேண்டும். இளவேர் மெல்லியதாக, வெளுத்து இருக்கும், அதன் எண்ணெயும் லேசானது. முதிர்ந்த வேர் தடித்து மஞ்சள் சிவப்பாகி, கசக்கினால் மண்வாசனையோடு கனமான மணம் தரும். இரண்டு ஆண்டைத் தாண்டவிட்டால் வேர் கட்டையாகிவிடுகிறது, எண்ணெயின் அளவு குறைகிறது.

ஒரு மூலையில் ஒரு தூரைப் பெயர்த்துப் பார்த்து, வேரை ஒடித்து முகர்ந்த பிறகு ஆள் சொல்லுங்கள். மழை ஓய்ந்து மண் காய்ந்த மார்கழி முதல் மாசிவரை தோண்டுவது நல்லது. ஈரமண்ணில் வேர் அறுந்து பாதி உள்ளேயே தங்கிவிடும். வடிப்புக்கும் பொறுமை வேண்டும், எலுமிச்சைப்புல் மூன்று மணி நேரத்தில் முடிவதை வெட்டிவேர் ஒரு பகல் ஓர் இரவு என்று இழுக்கும்.

தோண்டும் நாளே அடுத்த நடவு நாளும் ஆகலாம், தண்ணீர் வசதி இருந்தால். வேரை வெட்டி எடுத்ததும் தூரின் தலைப்பகுதியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். இலையை ஒரு சாண் விட்டுக் கத்தரித்து, தூரைச் சிம்புகளாகப் பிரித்து, ஈரச் சாக்கு போர்த்தி நிழலில் வையுங்கள். அன்று மாலையோ மறுநாள் காலையோ நட்டுத் தண்ணீர் கட்டிவிட்டு, நோட்டில் தேதியை எழுதி, அதற்கு நேரே 15 மாதம் கழித்து வரும் மாதத்தையும் குறித்துவிடுங்கள்.